வெள்ளிக்கிழமை வளர்ந்த கேர்கின்

நண்பர்களே, நான் சொல்லப்போகும் கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை. என் மனைவியே நம்பவில்லை. அவளும் அந்த இடத்தில்தான் நின்றாள்.

வினாகிரி மணம், ஊறுகாய் போடுகிற அந்தப் புளிக்காடி மணம்... அதை நினைத்தால் இன்றைக்கும் மூக்கு சுருங்கும். கொழும்புக் கொம்பனியின் லொறி எங்கள் ஊர் பாலமுனைக்குள் திரும்பும்போதே, அதன் பீப்பாய் மணத்தில் பூனைகள் மதில் பாயும். கடல் இரண்டடி பின்வாங்கும்.

அப்போது நான் ஒரு புரொஜெக்டில் இணைப்பாளர். விதையும் ஆலோசனையும் அரசாங்கத்துடையது. வாங்கி ஏற்றுமதி செய்வது கொம்பனி. காசும் பேனரும் ஏதோ வெளிநாடு. மூன்று பேரும் கூடி வறுமையை ஒழிப்பது என்று முடிவாகிவிட்டது. வறுமைக்குத்தான் அது தெரியாது. எனக்குக் கிடைத்தது ஒரு தொப்பி. அதைப் போட்டுக்கொண்டு கல்முனை பஸ் ஸ்டாண்டில் நடந்தால், நாட்டின் டொலர் கையிருப்பே என் தலையில் இருப்பதுபோல ஒரு கனம்!

பயிர், கேர்கின். கெக்கரிக்காயின் குள்ளத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரன் ஊறுகாய் போட்டு பனிஸ் ரொட்டிக்குள் வைத்துத் தின்பான்.

என் மனைவியின் தம்பி கலீல் அரை ஏக்கரில் போட்டான். சவூதியிலிருந்து லீவில் வந்தவன். மறுபடி போக விசா ரெடி, பாஸ்போர்ட் மேசைமேல். அவனுடைய மூன்று வயது மகள் அவனைக் கிட்ட வர விடவே மாட்டாள். போனில் வாப்பாவைக் கண்டால் முத்தம் கொடுப்பாள். நேரில் கண்டால் கதவுக்குப் பின்னால் ஓடுவாள். அவன் பெண்சாதி ரபீக்கா சொல்லிவிட்டாள்: "இந்தக் காய் சரிவந்தா நீங்க போற இல்ல."

கொம்பனி ஒரு பிளாஸ்டிக் தட்டுக் கொடுத்தது. அதில் ஓர் ஓட்டை. அதற்குள் நுழையும் காயைத்தான் எடுப்பார்கள். சுண்டுவிரல் பருமன்.

கலீல் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "என்ன மச்சான் இது? பொறந்த புள்ளைக்கு நாப்பது நாள் கழிய முந்திக் கலியாணம் பேசிற மாதிரி இரிக்கி!"

ஆனாலும் பறித்தான். காலையும் மாலையும் முதுகு வளைய, மணிக்கட்டெல்லாம் முள் கீற, ஞாயிறு தொடங்கி வியாழன் வரை பறித்தான்.

பிறகு வந்தது வெள்ளிக்கிழமை. எங்கள் ஊரில் அன்றைக்கு ஆண்கள் தோட்டத்தில் கை வைப்பதில்லை. கேர்கினுக்கு இந்த வழக்கம் தெரியாது. அது வளர்ந்தது.

சனி காலை, கொம்பனி மெனேஜர், விவசாய உத்தியோகத்தர், பேனர் எல்லாம் வந்து இறங்கினோம். அடுத்த போகத்துக்கு எக்ரிமெண்ட் எழுதுவதா இல்லையா என்று பார்க்க வந்த நாள் அது.

தோட்டத்தைப் பார்த்தேன். அல்லாஹ்வே! ஒரு காய் வேலியைத் தாண்டி அடுத்த வளவில் தலை வைத்துப் படுத்திருந்தது. இன்னொன்றை மீனவர்கள் தோணி என்று நினைத்துக் கடலுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதன் நிழலில் இரண்டு மாடு அசை போட்டன. விருந்தாளிக்குச் சிறிசைக் கொடுப்பது குறைச்சல் என்று, தூக்க முடிந்ததிலேயே பெரியதைக் குழந்தைபோல இரண்டு கையாலும் ஏந்தி, வீட்டு விறாந்தையில் உட்கார்ந்திருந்த மெனேஜரின் மடியில் வைத்தான் கலீல்.

மெனேஜர் தட்டை எடுத்தார். ஓட்டைக்குள் காம்பு மட்டும் நுழைந்தது.

"விவசாயிக்குச் சொல்லிக்கொடுப்பது அரசாங்கத்தின் வேலை" என்றார் மெனேஜர்.

"தரம் கொம்பனியின் வேலை" என்றார் உத்தியோகத்தர்.

இரண்டு பேரும் சேர்ந்து என் தொப்பியைப் பார்த்தார்கள். கூட்டு முயற்சி என்பதன் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது.

மெனேஜர் கலீலிடம் கேட்டார்: "வெள்ளிக்கிழமை காலையில் பறிக்கலாமே?"

"காலைல இறைச்சிக் கடைக்குப் போற, சேர்."

"பின்னேரம்?"

"பின்னேரம் நித்திரை."

"சரி, நடுவில்?"

"நடுவுலதானே சேர் ஜும்ஆத் தொழுகை!"

மெனேஜர் பைலை மூடினார். "அப்படியென்றால் எக்ரிமெண்ட் இல்லை."

கலீலின் முகம் செத்துவிட்டது. கதவு வழியாக உள்ளே மேசைமேல் இருந்த பாஸ்போர்ட்டைப் பார்த்தான். "அப்ப நான் பயணம்தான் மச்சான்" என்றான். நான் தொப்பியைக் கழற்றி முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

அப்போது தேத்தண்ணீர்த் தட்டோடு வந்தாள் ரபீக்கா.

"சேர், ஜும்ஆ ஆம்புளைகளுக்குக் கடமை. அதுக்கு ஆரும் ஒண்டும் சொல்ல ஏலா. இறைச்சிக் கடையும் நித்திரையும் கடமை எண்டு எந்தக் கிதாபுல இரிக்கி? வெள்ளிக்கிழமை தோட்டம் எங்கட பொறுப்பு. பக்கத்து வீட்டுப் பொம்புளைகளும் வருவாங்க. ஆனா எக்ரிமெண்டுல எங்கட பேரும் வரணும்."

உத்தியோகத்தர் பேனையைக் கொடுத்தார். மெனேஜர் பைலைத் திறந்தார். அந்தப் புரொஜெக்டில் அரசும் கொம்பனியும் உண்மையாகக் கூடி வேலை செய்த ஒரே நிமிடம் அதுதான்.

இன்றைக்கு அந்தப் புரொஜெக்ட் இல்லை; தோட்டம் மட்டும் இருக்கிறது. பேனர் கலீலின் கோழிக்கூட்டுக்குக் கூரை. மழை பெய்தால் 'வறுமை ஒழிப்பு' என்ற எழுத்துக்குக் கீழே பதினெட்டுக் கோழிகள் நனையாமல் நிற்கும். கல்முனையில் இப்போது பேர்கர் கடைகள். என் பிள்ளைகள் பேர்கருக்குள்ளிருந்து கேர்கின் துண்டை விரலால் நோண்டி வெளியே போடுகிறார்கள். "டேய், அது எங்கட வெள்ளிக்கிழமைடா!" என்பேன். அவர்களுக்கு விளங்காது.

சரி, நோன்பு பிடிக்கிற வாயால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தோணி பொய். மாடு பொய். கடல் பின்வாங்கியதும் பொய்.

ஆனால் கலீல் போகவில்லை. அந்தப் பாஸ்போர்ட் ரபீக்காவின் அலுமாரியில், சாரிகளுக்கு அடியில், திகதி முடிந்து கிடக்கிறது. என் கண்ணால் கண்டேன். கதவுக்குப் பின்னால் ஓடிய அந்தப் பிள்ளை இப்போது வெள்ளிக்கிழமைப் பின்னேரம் நித்திரை கொள்கிற வாப்பாவை உலுக்குகிறாள்: "எழும்புங்க வாப்பா... தோட்டத்துக்குப் போக உம்மா கூப்புட்ற!"

இந்த ஒன்று மட்டும் உண்மை.