திரையில் தெரிந்த வலி

மாதவிடாய் நாட்களில் கழிப்பறைக்குப் போனாலே அடிவயிறு பிடுங்கும். உட்காரவும் முடியாது, எழவும் முடியாது. எங்கள் ஊர் வாடிப்பட்டி ஆஸ்பத்திரியில் மூலம் என்று மருந்து கொடுத்தார்கள். "எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதான், நீதான் இம்புட்டு அலட்டுற" என்பார் மாமியார். ஆறு வருடம் இப்படியே ஓடியது.

போன வருடம் மதுரையில் ஒரு பெண் மருத்துவர், வலி எந்த நாட்களில் வருகிறது என்று விசாரித்துவிட்டு, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அசையாமல் படுக்க வேண்டும். எனக்கோ கால் துடித்தது, மூக்கு அரித்தது. இதிலும் ஒன்றும் இல்லையென்று வந்துவிட்டால் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது? இரண்டு முறை அசைந்துவிட்டேன், மறுபடி எடுத்தார்கள்.

மறுநாள் மருத்துவர் திரையில் ஒரு கறுப்புத் திட்டைக் காட்டினார். "கர்ப்பப்பைக்குள்ள இருக்க வேண்டிய சவ்வு மாதிரி ஒண்ணு குடல்ல வளந்திருக்கும்மா. மாசாமாசம் அதும் வீங்குது."

"அப்ப நெசமாவே இருக்கா டாக்டர்?"

"நெசமாத்தான்மா."

நோய் இருக்கிறது என்று கேட்டு ஒருத்தி சந்தோஷப்படலாமா? நான் பட்டேன். பக்கத்திலிருந்த கணவர் தலை குனிந்தபடி, "அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றார்.

அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதமாகிறது. வலி வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் அந்த நாட்கள் நெருங்கினால், பழைய வலி திரும்பிவிடுமோ என்று இப்போதும் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறேன்.