மூன்றாவது இழுப்பறை

திருப்புளி அக்காவுக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, கைதான் பேசும். பதினொரு வருடம் சித்தப்பாவின் கம்ப்யூட்டர் கடையில் அவள் அசெம்பிள் செய்யாத மெஷின் இல்லை. மருமகன் வந்து சேர்ந்ததும் சித்தப்பா, "நீ திருகாணி முடுக்கத்தாம்மா லாயக்கு. இனிமே படிச்சவன் பாத்துப்பான்" என்று ஒரு டீகூட வாங்கித் தராமல் அனுப்பிவிட்டார்.

அன்றிலிருந்து அக்கா பல் தேய்க்கும்போது கறுவினாள், துணி மடிக்கும்போது கறுவினாள். கறுவிக்கொண்டே பாகங்களைச் சேர்த்தாள். மதர்போர்டு மட்டும் சித்தப்பாவிடம்தான் இருந்தது. தங்கச்சி புருஷனை அனுப்பி, தன் பேரே வெளியே வராமல் வாங்கிக்கொண்டாள். படுக்கையறை மேஜையில் மெஷின் எழுந்தது. நாலு மணிக்குப் பள்ளிக்கூட டீச்சர் பார்க்க வருகிறார். பிடித்துப்போனால், பள்ளிக்குப் பன்னிரண்டு கம்ப்யூட்டர் செய்யும் வேலை சித்தப்பாவிடமிருந்து நழுவி இவளிடம் வரும். பழிக்குப் பழி.

மூன்று மணிக்கு மெஷினுக்கு உயிர் வந்தது. வைஃபை அடையாளம் வரவில்லை. அக்கா கலங்கவில்லை. டிரைவர் என்கிற மென்பொருள் இல்லாத புது மெஷின் அப்படித்தான் முழிக்கும். போனைக் கேபிளில் சொருகி, அதன் நெட்டை இரவல் வாங்கி டிரைவரை இறக்கினாள். அடையாளம் வந்தது. பட்டியலோ காலி. ஹாலில் ரூட்டர் பச்சை விளக்கைச் சிமிட்டுகிறது, போனுக்கு நெட் வருகிறது, இதற்கு மட்டும் காது கேட்கவில்லை.

பின்பக்கம் குனிந்து பார்த்தாள். ஆன்டெனாக் கொம்பு இரண்டும் மாட்ட வேண்டிய பித்தளை மூக்குகள் மொட்டையாக நின்றன. மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து உதறினாள். இல்லை.

எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பெட்டியிலிருந்து கொம்பை எடுத்து மூன்றாவது இழுப்பறையில் போடுவது கடை வழக்கம். "நெட்டு வரல" என்று திரும்பி வருபவரிடம் சித்தப்பா உதட்டைப் பிதுக்குவார். ஒரு வாரம் கழித்து அதையே மாட்டி, பெரிய ரிப்பேர் என்று காசு கறப்பார். எடுத்துப் போட்ட கை அக்காவுடையது. தையல்கார அம்மா தன் கம்ப்யூட்டரைப் பிள்ளைபோல இடுப்பில் தூக்கிக்கொண்டு மூன்று தடவை வந்தார். நாலாவது தடவை வரவேயில்லை.

வாசலில் டீச்சர். "என்னம்மா, ஓடுதா?"

"ஓடுது டீச்சர். நெட்டு மட்டும் கடையிலயே தங்கிடுச்சு. வாங்க, போய்க் கூட்டிட்டு வருவோம்."

கடையில் நாலு பேர் காத்திருந்தார்கள்.

"என்ன, வேலை கேட்டு வந்தியா?" என்றார் சித்தப்பா.

"இல்ல சித்தப்பா. ஒண்ண மறந்து வச்சுட்டுப் போயிட்டேன்."

இழுப்பறையை உருவி மேஜைமேல் கவிழ்த்தாள். கறுப்புக் கொம்புகள் குவிந்தன.

"நெட்டு வரலன்னு வந்தவங்க ஆளுக்கு ரெண்டு எடுத்துக்கங்க. உங்க பெட்டியில இருந்ததுதான். ஒளிச்சது நான். ஒளிக்கச் சொன்னது இவரு."

"குடும்ப மானத்த இப்படியா வாங்குவ?"

"திருகாணி முடுக்குறவளுக்கு மானம் எதுக்கு சித்தப்பா? அதப் படிச்சவன் பாத்துப்பான்." மருமகன் கீபோர்டைத் துடைக்கத் தொடங்கினான்.

அக்கா நாலு கொம்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

"ஒளிச்சவகிட்ட நான் வேலையக் குடுக்கணுமா?" என்றார் டீச்சர்.

"குடுக்காதீங்க. ஆனா அவருக்கும் குடுத்துடாதீங்க."

டீச்சர் அவள் கையிலிருந்த கொம்புகளை எண்ணினார். "உனக்கு ரெண்டு போதுமே. நாலு எதுக்கு?"

"மொதல்ல தையல்கார அம்மா வீடு."

"திட்டு விழும்."

"விழட்டும் டீச்சர்."

"சரி, நட. பன்னெண்டு கம்ப்யூட்டருக்கும் கொம்ப என் முன்னாடிதான் மாட்டணும்."