அழித்தால் சூடு: பிலிமத்தலாவையில் ஒரு கரும்பலகை

போன சனிக்கிழமை நான் கண்டிப் பக்கம் போனது ஊர் சுற்ற அல்ல. பிலிமத்தலாவையில் ஒரு சுவருக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறார்கள் என்று முதல் நாள் குகன் போன் எடுத்தான். விடியும் முன்பே பஸ் பிடித்துவிட்டேன்.

கொழும்பிலிருந்து காலை ஐந்தரைக்குக் கண்டி பஸ். நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல், மூன்றரை மணி நேரம். கடுகண்ணாவை ஏற்றத்தில் காது அடைக்கும், ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும்.

நான் மடுல்கெல்லைக்காரன், செல்வம் பன்வில, குகன் யாழ்ப்பாணம். பேராதனையில் பௌதிகவியல் படித்த காலத்தில் மூவரும் இங்கே ஒரு கடை மாடியில் டியூஷன் நடத்தினோம். என்ன நாட்கள் அவை! செல்வம் பாடம் எடுத்தால் பிள்ளைகள் சிரிப்பை அடக்க மாட்டார்கள். நாலு வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சலில் போய்விட்டான், பாவி.

அவனுடைய கடைசி வகுப்பு குவாண்டம். துணிக்கையின் நிலையை மாற்றலாம், மாற்றியதை அப்படியே திருப்பியும் கொண்டுவரலாம். கணக்குப்படி அதற்குச் சூடு செலவாகாது. ஆனால் அளந்து பதிந்ததை அழித்து, அடுத்த தடவைக்கு வெறுமையாக்கினால் கட்டாயம் கொஞ்சம் சூடு வெளியேறும். இதற்காகக் கரும்பலகையில் ஒரு டஸ்டரை வரைந்து அதற்குத் தீ வைத்தான். கீழே, ‘அழித்தால் சூடு’. சுற்றிக் கட்டம் போட்டு, ‘அழிக்க வேண்டாம்’.

டியூஷன் வகுப்புகளில் கட்டம் போட்டதை அடுத்த ஆசிரியர் தொடமாட்டார். கணக்கியல் மாஸ்டரும் இங்கிலிஷ் மிஸ்ஸும் இத்தனை வருடமாக அதைச் சுற்றியே எழுதியிருக்கிறார்கள்! மாடி ஏறியதும் குகனும் நானும் அதைத்தான் முதலில் பார்த்தோம்.

பலகை என்பது சுவரில் பூசிய கறுப்புதான், கழற்ற முடியாது. “படம் எடுத்துக்கோங்க தம்பி, பெயின்ட் வேலைக்கார பாஸ் வந்தா துடைச்சிட்டுத்தான் அடிப்பாரு” என்றார் கடை முதலாளி. எடுத்தோம். படம் வேறு, அவன் கை வேறு.

“வேற ஆள் அழிக்க விடேலாது மச்சான்” என்று குகன் டஸ்டரை எடுத்தான். இந்தச் சூட்டைக் கணக்கிடுவதுதான் இன்று அவனுடைய ஆராய்ச்சி. ஒரே இழுப்பில் துடைத்தான்.

“சூடு வந்திச்சா?” என்றேன்.

“ஓம். கைக்குத் தெரியாது, அவ்வளவு சின்னன்.”

“எங்க போகும்?”

“இப்ப அறைக்குள்ளதான் நிக்குது. பிறகு யன்னலால போயிடும்.”

நான் எழுந்து போய் யன்னலைச் சாத்தினேன். குகன் சிரிக்கவில்லை.

போகிறவர்கள் கண்டிக்குப் பதினொரு கிலோமீட்டர் முன்பே இறங்க வேண்டும், நடத்துநரிடம் சொல்லி வையுங்கள். மாடியில் இனி போன் கடை. புழுக்கமாகத்தான் இருக்கும், இருந்தாலும் யன்னலைத் திறக்கச் சொல்லாதீர்கள்.