மச்சினனுக்கு மட்டும் கூடுதல் கரண்டு

"கரண்டு ஏறாத விதைய இந்தக் கை தொடாது. தொட்டா நான் மனுஷனே இல்ல!"

கடைத்தெரு நடுவில் நின்று இப்படி முழங்கிய மகான் தொழிலால் கருகிப்போன மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுபவர். ஊர் அவருக்கு வைத்த பெயர் மின்னல். அதை அவர் விருதாகவே எடுத்துக்கொண்டார். கேலி என்று எடுத்துச் சொல்ல யாருக்கும் துணிவில்லை. எல்லார் வீட்டு மோட்டாரும் அவர் பட்டறையில் கிடந்தது.

பட்டறை மூலையில் ஒரு தொட்டி. அதில் ஊறிய விதை, இருபுறமும் செப்புத் தகடு, பக்கத்தில் பழைய வெல்டிங் மெஷினிலிருந்து பிடுங்கிய டிரான்ஸ்பார்மர், அதன் தலையில் கரண்டைக் கூட்டிக் குறைக்கத் திருகும் ஒரு முள். சுவிட்சைப் போட்டால் தெருவே மங்கும். சுவரோரம் படுத்திருக்கும் நாய் எழுந்து போய்விடும். முதல்முறை போட்ட சோளம் ஊராருடையதை முந்திக்கொண்டு முளைத்தது. ஆராய்ச்சி அத்துடன் முடிந்து, புகழ் ஆரம்பித்தது.

அப்போதுதான் மனைவியின் தம்பி ஒரு மூட்டையோடு வந்தான். போன விளைச்சல் பொய்த்துவிட்டது. இதுவும் பொய்த்தால் குத்தகை நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

"பாத்துப் போடுங்க மாமா. இருக்கிறது இவ்வளவுதான்."

"அட போடா மாப்ள! ஊரானுக்கே முள்ளப் பாதி வரைக்கும் வைக்கிறேன். உனக்குக் கஞ்சத்தனம் பண்ணுவேனா?"

முள்ளைக் கடைசிவரை திருப்பினார். சொந்தக்காரன் தட்டில் ஒரு கரண்டி கூடுதலாக விழுவது உலக வழக்கமல்லவா?

தொட்டியிலிருந்து ஆவி கிளம்பியது.

"என்னங்க, ஏதோ வேகுற வாசனை வருதே?" என்றாள் மனைவி.

"அது சக்தி ஏறுற வாசனை. உனக்கெங்க தெரியப்போவுது!"

"ஆமா, அடுப்படியில கிடக்கிறவளுக்கு வெந்த வாசனை தெரியாதாக்கும்."

விதைத்த வயலுக்குக் காக்கை வரவில்லை. எலியும் வரவில்லை.

"பாத்தியா, கிட்ட வரவே பயப்படுதுங்க," என்று மின்னல் பூரித்தார்.

மழை பெய்தது. அக்கம்பக்கத்து வயல்கள் பச்சை கட்டின. மச்சினன் வயல் மட்டும் கறுப்பாக, வாய் திறக்காமல் கிடந்தது. மச்சினனும் வாய் திறக்கவில்லை. திட்டியிருந்தால் சொல்ல இவரிடம் பதில் தயாராக இருந்தது.

ஒரு மத்தியானம் தனியாகப் போய் மண்ணைக் கிளறினார். கையில் எடுத்த விதை கூழாக நசுங்கியது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் அப்படியே. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வரப்பேறினார்.

வீடு திரும்பியதும், சொந்த நிலத்துக்கென்று மனைவி அவர் கண்ணில் படாமல் பானையில் வைத்திருந்த விதையைத் தேடிப் பானையோடு எடுத்தார்.

"மெஷின்ல போடலையா?" என்று அவள் வாசலில் மறித்தாள்.

"கரண்டு இல்ல."

தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவள் அதை நிமிர்ந்து பார்த்துவிட்டு வழிவிட்டாள்.

பட்டறை வாசலில் ஊரார் மூட்டைகள் வரிசைகட்டி நின்றன. "எங்களுக்கு எப்பண்ணே போடுவீங்க? மச்சானுக்கு வச்ச மாதிரி முழுசா வைக்கணும், காக்கா கூட அண்டலையாமே!" என்றது ஒரு குரல். அவர் திரும்பவில்லை.

"ஈரம் காயறதுக்குள்ள ஏரைப் பூட்டிச் சால் போடு மாப்ள," என்றார் மச்சினன் வயலுக்குப் போனதும். பிறகு மண்டியிட்டு, பானைக்குள் கைவிட்டு, ஒவ்வொரு விதையாக மண்ணில் இறக்க ஆரம்பித்தார்.