அம்மா மறைத்த காற்று

2011 கடைசி. செகந்திராபாத்தில் ஸ்வெட்டர் இல்லாமல் விடிகாலையில் வெளியே தலைகாட்ட முடியாத குளிர். நாங்கள் அப்போது மாரெட்பள்ளியில் குடியிருந்தோம். பூர்வீகம் மதுரைப் பக்கம். அப்பாவுக்குப் பாதுகாப்புத் துறையில் வேலை என்பதால் நான் மூன்றாம் வகுப்பிலேயே இந்த ஊருக்கு வந்துவிட்டேன். படிப்பு முடிந்து, மாதாப்பூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்த வருடம் எனக்குச் சைக்கிள் பைத்தியம் பிடித்தது.

எனக்கு மட்டுமா? ஊருக்கே பிடித்திருந்தது. அதுவரை சைக்கிள் என்றால் ட்யூஷன் போகிற பிள்ளைகளுக்கும் பால்காரருக்கும்தான். திடீரென்று ஐ.டி. ஆட்கள் கியர் சைக்கிள் வாங்கினார்கள், ஞாயிற்றுக்கிழமை கூட்டமாகக் கிளம்பினார்கள், யார் எவ்வளவு தூரம் போனார்கள் என்று திங்கட்கிழமை கேன்டீனில் அளந்துவிட்டார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் ஊர் சுற்றுவதைவிட வேகம்தான் எனக்குப் பிடித்துப்போயிற்று. அந்தச் சமயம் பார்த்து, மாநில அணிக்குப் பெண்களைத் தேர்வு செய்யப் போகிறார்கள் என்று தெரியவந்தது. ஒவ்வொருவரும் தனியாக இருபது கிலோமீட்டர் ஓட்டிக் காட்ட வேண்டும். மூன்று பேரை எடுப்பார்கள். கையில் ஒன்றரை மாதம் இருந்தது. அந்த மூன்று பேரில் நான் இருந்தே ஆக வேண்டும் என்று ராத்திரி தூக்கம்கூட வராது.

என் எதிரி காற்று. சைக்கிளில் மணிக்கு முப்பது கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால் சண்டையெல்லாம் காற்றோடுதான். அதற்கு ஒரு பயிற்சி உண்டு. முன்னால் ஒரு மோட்டார் வண்டி ஒரே சீரான வேகத்தில் போகும். அதன் பின்சக்கரத்துக்கு ஓரடி பின்னால் நாம் ஒட்டிக்கொண்டே போக வேண்டும். வண்டி காற்றை வாங்கிக்கொள்ளும். தனியாக எட்ட முடியாத வேகத்துக்கு நம் கால் பழகும். குழுவில் இருந்த பையன்கள் புல்லட்டில் ஒருவருக்கொருவர் முன்னால் போய் உதவிக்கொண்டார்கள். எனக்கும் ஒருவன் வருகிறேன் என்றான். வீட்டில் சொன்னேன்.

"விடியுறதுக்கு முன்னாடி எவனோ பைக்ல போவான், நீ அவன் பின்னாடி ஒட்டிக்கிட்டே போவியா? நக்கோ!" என்றாள் அம்மா. வேண்டாம் என்பதை அம்மா தமிழில் சொன்னால் பேசிப் பார்க்கலாம். இந்த ஊர் பாஷையில் சொல்லிவிட்டால் முடிந்தது கதை. ஆனால் கொஞ்ச நேரம் கழித்து, தோசையைத் திருப்பிப் போட்டபடியே, "வண்டிதான வேணும்? நம்ம ஸ்கூட்டியில நான் வாரேன்," என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் போகிற ஸ்கூட்டி அது. அம்மா கையில் அது இருபத்தைந்தைத் தாண்டி நான் பார்த்ததே இல்லை.

திருமுல்கேரி பக்கம் ராணுவக் குடியிருப்புகளை ஒட்டி நேரான, அகலமான சாலைகள் இருக்கின்றன. விடிகாலையில் ஈ காக்கை இருக்காது. அங்கே போனோம். அம்மா துப்பட்டாவை வீட்டிலேயே விட்டுவிட்டு, சுடிதார் மேல் அப்பாவின் ஸ்வெட்டர், மங்கி குல்லா, அதற்கு மேல் ஹெல்மெட் என்று வந்திருந்தாள். முன்னால் போகிறவர் இரண்டு காரியம் செய்யக் கூடாது. திடீரென்று பிரேக் பிடிக்கக் கூடாது, பின்னால் பார்க்கக் கூடாது. அம்மா முதல் நாள் அந்த இரண்டைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை. கண்ணாடியில் நான் தெரிந்ததும், "இம்புட்டு கிட்டக்க வராதடி!" என்று கத்திக்கொண்டு பறப்பாள். நான் மூச்சு வாங்கித் துரத்தினால் சட்டென்று நின்று, "தண்ணி குடிக்கிறியா?" என்பாள். அந்தப் பக்கமாக ஓடிக்கொண்டிருந்த ஜவான்கள் வரிசை குலையச் சிரித்தார்கள்.

மறுநாள் ஸ்கூட்டியின் இரண்டு கண்ணாடிகளையும் திருப்பி வைத்துவிட்டேன். அப்புறம் நான் பின்னால் இருக்கிறேனா என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அதற்கு ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். அவ்வப்போது, "இருக்கியா?" என்று கேட்பாள். நான், "ஹவ்!" என்பேன். தமிழில் ஆமாம் என்று முழுசாகச் சொல்ல மூச்சு இருக்காது. பதில் வராவிட்டால் மெதுவாக வேகத்தைக் குறைத்து ஓரம் கட்ட வேண்டும். இரண்டாவது வாரம் முப்பத்தெட்டில் போய்க்கொண்டிருந்தோம்.

முதலில் எனக்கு உதவ வருகிறேன் என்ற புல்லட்காரன் ஒருநாள் வேடிக்கை பார்க்க வந்தான். "ஆன்ட்டி முன்னாடி போனா காத்து எங்கேருந்து வரும்? புல்லட்டே தேவையில்லை," என்று தெலுங்கில் வாரினான். அம்மாவுக்குக் கோபமே வரவில்லை. என் பக்கம் திரும்பி, "பாத்தியா, அப்பனும் மகளும் சோத்தைக் குறை, சோத்தைக் குறைன்னு சொன்னீகளே," என்றாள்.

மூன்றாவது வாரம், நாற்பதில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாய் குறுக்கே ஓடியது. அம்மா பிரேக்கை ஒருமுறை தொட்டாள். அவ்வளவுதான். என் முன்சக்கரம் ஸ்கூட்டியின் பின்சக்கரத்தில் உரசியது. அடுத்த நொடி நான் தார்ச்சாலையில் உருண்டுகொண்டிருந்தேன். முழங்கை, தொடை எல்லாம் சிராய்ப்பு. எலும்புக்கு ஒன்றுமில்லை. ஒரு ஜவான் ஓடி வந்து தூக்கி உட்காரவைத்துக் காயத்தில் தண்ணீர் ஊற்றினார். அம்மா ஹெல்மெட்டைக் கழற்றக்கூட இல்லை. "நான் பிரேக் புடிச்சிட்டேன்டி, நான்தான் புடிச்சிட்டேன்," என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். என்னையும் சைக்கிளையும் ஆட்டோவில் ஏற்றிவிட்டுப் பின்னாலேயே வந்தாள்.

அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார்: "போதும்." அம்மா ஸ்கூட்டிச் சாவியை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. நான் கேட்டால் அம்மா மறுக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அவள் முகம் இருந்த இருப்பில் கேட்க வாய் வரவில்லை. காயம் கொஞ்சம் ஆறியதும் தனியாக ஓட்டினேன். அதே பழைய வேகம், அதே காற்று.

அந்த வாரம் அம்மா மார்க்கெட்டுக்குப் போய் வரத் தினமும் நேரமானது. நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமை விடிகாலை கீழே ஸ்கூட்டி உறுமும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், மங்கி குல்லாவோடு அம்மா.

"என்ன முழிக்கிற? பாட்டில்ல தண்ணியப் புடிச்சிட்டு வா."

நான் இறங்கிப் போனதும், என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "டெய்லி சாயங்காலம் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் சந்துக்குள்ள ஓட்டிப் பாத்தேன். அங்கிட்டு இல்லாத நாயா? குறுக்க வந்தா ஹாரன் அடிக்கிறேன், ஆக்சிலேட்டரை மட்டும் மெல்லமா விடுறேன். பிரேக்குக்குக் கை போகல. பழகிருச்சு."

பால்கனியில் அப்பா நின்றிருந்தார். "ரெண்டு பேரும் பாத்துப் போங்க," என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்குச் சிக்கல் என் பக்கம் இருந்தது. விழுந்த இடம் நெருங்க நெருங்க, எனக்கே தெரியாமல் பின்தங்கிக்கொண்டிருந்தேன். இரண்டு மூன்று மீட்டர் இடைவெளி விழுந்துவிட்டது. காற்று முகத்தில் அறைந்தது.

"இருக்கியா?"

"ஹவ்."

அம்மா திரும்பவில்லை. தலையைக்கூட அசைக்கவில்லை. "குரல் தூரத்துல கேக்குது. கிட்டக்க வா," என்றாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். மறுபடி ஓரடிக்குள் வந்ததும் காற்று அடங்கியது. கண் எதிரே அப்பாவின் பழைய ஸ்வெட்டர் மட்டும். நான் விழுந்த அந்த ராணுவ கேட் அருகே அதே நாயும் கூட இன்னும் இரண்டும் எழுந்து வந்தன. ஹாரன் இரண்டு முறை அடித்தது. வேகம் பஞ்சுபோல் இறங்கியது, மறுபடி ஏறியது. கடந்துவிட்டோம்.

தேர்வில் நான் நான்காவதாக வந்தேன். அம்மா எல்லைக்கோட்டருகே நின்றிருந்தாள். அழுகையை அடக்கிக்கொண்டு வந்த என்னிடம் வாழைப்பழத்தை நீட்டி, "அடுத்தது எப்ப வைப்பாக?" என்றாள். அடுத்த வருடம் எனக்கு இடம் கிடைத்தது.

அந்த நாட்களில் அம்மாவால் சப்பாத்தி மாவு பிசைய முடியாது. மணிக்கட்டு வலி என்பாள். குளிர் சேரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று புதிதாக வரும் பெண்களுக்கு முன்னால் அதே சாலையில் நான் ஸ்கூட்டி ஓட்டுகிறேன். வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றும்போது என் விரல்களும் பிரிய மறுக்கின்றன. பின்னால் வருகிறவளைத் திரும்பிப் பார்க்காமல் இருக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பதைப் பற்றி அம்மா ஒருநாளும் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. கைப்பிடியைப் பிடித்த பிறகுதான் எனக்கு அது புரிந்தது.