தம்பி தின்ற கோயில் இட்லி

என் தம்பி சாமியானது அவனுடைய ஆறாவது வயதில். அதற்கு முன் அவன் மூக்கொழுகும் சாதாரணப் பையன்தான். எனக்கு அவனைப் பிடித்தும் இருந்தது.

மூளைக்காய்ச்சல் வந்து இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். எங்கள் சபையே உபவாசம் இருந்து ஜெபித்தது. பிழைத்து வந்தவனைப் போதகர் தூக்கி மேடையில் நிறுத்திச் சாட்சியாகக் காட்டினார். அதோடு விட்டிருந்தால் வம்பில்லை. ஆராதனை முடிந்ததும், வாலாஜாபாத்திலிருந்து வரும் ஓர் அம்மா அவன் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார். மூன்று வருஷத் தலைவலி அன்றைக்கே போய்விட்டதாம். மறுவாரம் பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள். கிறிஸ்துமஸ் வருவதற்குள் சபைக்கு வெளியே பந்தல் போட வேண்டியதாயிற்று.

யாரும் வெறுங்கையோடு வரவில்லை. வாழைப்பழம், அதிரசம், ஹார்லிக்ஸ், ஒரு நெசவாளர் வீட்டிலிருந்து பட்டுச் சட்டைத் துணிகூட வந்தது. எல்லாம் அவன் காலடியில். பதினோரு வயதான எனக்குக் கொடுத்த ஊழியம், வாசலில் செருப்புகளை ஒழுங்குபடுத்துவது. வீட்டிலும் அவனுக்கு மட்டும் அம்மா நெய் ஊற்றிப் பிசைந்து ஊட்டுவாள். எனக்கு எங்கே என்று கேட்டால், "உனக்கென்னாமா, கல்லு மாதிரி கீற" என்பாள். நோயில்லாமல் இருந்தது என் குற்றம்.

எனக்கு வயிறு எரிந்தது. மறைக்க ஒன்றுமில்லை, அப்பட்டமான பொறாமை. தன் இடத்தில் வேறொருவரை உட்கார வைத்தால் கடவுள் பொறுக்கமாட்டார் என்று ஞாயிறு பள்ளி அக்கா சொன்னபோது, இந்த ஒரு விஷயத்தில் அவரும் நானும் ஒரே கட்சி என்று நினைத்துக்கொண்டேன்.

இதில் தம்பியின் நடிப்பு வேறு. சனிக்கிழமை சாயங்காலமானால் வயிறு வலிக்கிறது என்று சுருண்டுகொள்வான். அதற்கும் வீடே பதறும். இருமலோடு வரும் ஒரு பெரியவர் அவனுக்கு ரஸ்க் வாங்கி வருவார். இரண்டு வாரம் வந்தார், பிறகு காணோம். "அந்தத் தாத்தா ஏங்க்கா வரல?" என்று தம்பி ஓயாமல் நச்சரித்தான். ரஸ்க்குக்கு அலைகிறான் என்று நினைத்தேன்.

பள்ளியில் என் பக்கத்தில் உட்காருகிறவள் சின்னக் காஞ்சிபுரத்துக் கோயில் குடும்பத்துப் பெண். மிளகும் சுக்கும் மணக்கும் கோயில் இட்லியைச் சில நாள் மந்தாரை இலையில் மடித்துக் கொண்டுவருவாள். நான் தொட்டதில்லை. படைத்ததைத் தின்றால் ஆவியானவர் நம்மைவிட்டுப் போய்விடுவார் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஒரு வெள்ளிக்கிழமை அது எனக்கு எச்சரிக்கையாகத் தெரியவில்லை, நல்ல யோசனையாகத் தெரிந்தது.

தம்பி கேட்டான் என்று பொய் சொல்லி ஒரு துண்டு வாங்கினேன். "உங்காத்துல திட்டமாட்டாளோ?" என்று அவள்தான் பயந்தாள்.

வீட்டுக்குப் பின்னால் அடிபம்பு ஓரம் அவனிடம் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தான்.

"கோயில் இட்லியாக்கா?"

"ஆமா."

"படைச்சதா?"

"ஆமான்றேன்ல."

"சாப்ட்டா போயிடுமா?"

தலையாட்டினேன். ஒரு துணுக்கு விடாமல் தின்றான். இலையையும் வழித்துவிட்டு, "இன்னும் இருக்குதா?" என்றான். தின்னிப்பண்டாரம் என்று மனதுக்குள் திட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை வரிசையில் முதலில் நின்றவள் கைக்குழந்தைக்காரி. குழந்தைக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. தம்பி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"நான் தொட மாட்டேன். நான் கோயில் இட்லி சாப்ட்டேன்!" என்று பந்தலுக்கே கேட்கும்படி கத்தினான். "எங்கக்காதான் குட்த்துச்சு."

அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. அத்தனை நாள் யாரும் என்னைப் பார்க்கவில்லையே என்று ஏங்கியதற்கு அன்று மொத்தமாகக் கிடைத்தது.

போதகர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். முதலில் அப்பாவைக் கூப்பிட்டு, அந்தத் தாயையும் குழந்தையையும் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் சொன்னார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"புள்ள படைச்சதைத் தின்னது பெரிசில்ல" என்றார். "இத்தினி நாளா இவன் எதிர்ல நாம படைச்சிக்கினு இருந்தோமே, அதான் பெரிசு. நானும்தான் கூட்டத்தைப் பாத்து மயங்கிட்டேன்."

முன்வரிசை அம்மா ஒருவர் அதிரசத் தட்டை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். அந்த வாரத்தோடு வரிசை நின்றது, மாதத்தோடு பந்தலும் போயிற்று. போதகர் சொன்னது எனக்கு ஏறவில்லை. வீட்டில் அம்மா என் முதுகில் நாலு வைத்ததும், தின்றவனுக்கு ஒன்றுகூட விழாததும்தான் ஏறியது. சாமி பதவி போன பிறகும் அவனுக்கே சலுகை என்று பொருமினேன்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் அவனுக்கு வயிறு வலிக்கவில்லை. தெருவில் கோலி ஆடிக்கொண்டிருந்தவன் என்னைக் கண்டதும் ஓடிவந்து கையை நீட்டினான்.

"தொட்டுப் பாருக்கா. ஒண்ணும் இல்லல்ல?"

தொட்டேன். மண் ஒட்டிய கை. "ஒண்ணுமில்ல" என்றேன்.

"அப்ப இனிமே அந்தத் தாத்தா மாதிரி யாராச்சும் செத்துட்டா, அது என்னால இல்லல்ல?"

என்ன உளறுகிறான் இவன் என்று தலையில் ஒரு குட்டு வைத்தேன். அவன் சிரித்துக்கொண்டே கோலி ஆட ஓடினான். நான், அவனுக்கு வந்த அதிரசத்தில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க உள்ளே போனேன்.