மெஹராஜ் பானுவும் அத்தாவின் அடக்கமும்

2023ஆம் ஆண்டு நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை. கம்பத்தில் விடியும் முன்பே தொடங்கிய தூறல் நிற்கவில்லை. மலைகள் மேகத்துக்குள் கிடந்தன. அதிகாலை சுபுஹுத் தொழுகைக்கு எழுந்த திராட்சை விவசாயி காஜா மைதீன், தொழுகை விரிப்பிலேயே சாய்ந்து, உயிர் பிரிந்து மவுத்தானார். அமெரிக்காவிலிருக்கும் அக்காளுக்குச் சொல்லக் கைப்பேசியை எடுத்த மகன் தௌபீக், வாய் வராமல் அதைக் கீழே வைத்தான்.

அக்காள் மெஹராஜ் பானு அங்கே உயிர்வேதியியல் பேராசிரியை. உத்தமபாளையத்தில் வேதியியல் படித்தவரை மேற்படிப்புக்கு மதுரைக்கு அனுப்பியபோது, "பொம்பளப் பிள்ளைய எதுக்குய்யா அம்புட்டுத் தூரம்?" என்று கேட்காத உறவினர் இல்லை. "பஸ்ஸு போற தூரந்தான்" என்றார் காஜா மைதீன். அமெரிக்காவுக்கு அனுப்பியபோது, "ப்ளேனு போற தூரந்தான்" என்றார்.

உயிரணுவுக்குள் பழைய புரதங்கள் எவ்வாறு சிதைந்து கழிகின்றன என்பதே மகளுடைய ஆராய்ச்சி. முதல் ஆய்வகம் நிதியின்றி மூடப்பட்டது. இரண்டாவது ஆய்வகத்தில்தான் பெயர் நிலைத்தது, குடியுரிமையும் வந்தது. விடுமுறைக்கு ஊர் வந்தால் சர்க்கரை நோய்க்கு மாத்திரை கேட்டு ஆள் வரும். "எம்மக ஊசி போடுற டாக்டரு இல்லப்பா. உன் நோவு எப்படி வந்துச்சுன்னு வேணா சொல்லுவா, போக்க மாட்டா" என்று அத்தா அனுப்பிவிடுவார்.

விமானங்கள் நின்றிருந்த கொரோனாக் காலத்தில் அம்மா இறந்தார். மெஹராஜ் பானுவால் வர இயலவில்லை. அன்று தம்பியிடம் ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டார்: "அத்தாவுக்கு ஏதாவதுன்னா என்னையக் கேக்காம எடுத்துராதடா."

இப்போது முற்றத்தில் ஆள் கூடியிருந்தது. பக்கத்துத் தோட்டத்து வேலுச்சாமி, "ஐஸ் பெட்டி கொண்டாரச் சொல்லட்டா தம்பி? எங்க அண்ணனை, மகன் துபாய்ல இருந்து வர்ற வரைக்கும் வச்சிருந்தோம்ல" என்றார். பள்ளிவாசல் ஜமாஅத் தலைவர் தாடியைத் தடவினார்.

"அன்னைக்கே அடக்குறதுதான் நம்ம வழக்கம். இருந்தாலும் அந்தப் பிள்ளை கேட்டா, வர்ற வரைக்கும் பொறுப்போம். அது வாயால சொல்லட்டும்."

தௌபீக் அழைத்தான். அங்கே முந்திய நாளின் மாலை. மெஹராஜ் பானு ஆய்வகத்தில் இருந்தார். செய்தியைக் கேட்டதும் இதைத்தான் கேட்டார்:

"ராத்திரி சாப்பிட்டாகளா?"

"ரெண்டு இட்லி சாப்பிட்டாக. மகளுக்கு அங்கன குளிரா இருக்குமேன்னாக."

தௌபீக் தொடர்ந்தான்.

"ஜமாஅத்துல சரின்னுட்டாக. நீ வர்ற வரைக்கும் ஐஸ் பெட்டியில வச்சிருப்போம். நீ கெளம்பி வாக்கா."

"வேணாம்டா. உறைய வச்சதை எடுத்துப் பாக்குறதுதான் எனக்கு இங்கன வேலை. அத்தாவை அப்படிப் பாக்க என்னால ஆகாது. மத்தியானம் லுஹரு தொழுகையோட எடுத்துரு."

தௌபீக்குக்குக் கோபம் வந்தது.

"அம்மாவையும் பாக்கல. அத்தா மொகத்தையும் பாக்க வேணாமா உனக்கு?"

"பாக்கணும்டா" என்றார் மெஹராஜ் பானு. "ஆனா பெட்டிக்குள்ள இல்ல. நீ லுஹரோட எடுத்துரு."